நல்ல வாட்சை தினமும் கட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு உங்கள் இணைப்பிதழில் வந்த கட்டுரை ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். விலை உயர்ந்த சுவிஸ் கைக்கடிகாரம் வாங்குகிறவர்கள் அதை லாக்கரில் வைத்துவிட்டு, கல்யாணம் காதுகுத்துக்கு மட்டும் எடுத்துக் கட்டினால்தான் பிற்காலத்தில் நல்ல விலை போகும் என்று அதில் சொல்லப்பட்டிருந்தது. அதிலும் பீப்பாய் வடிவத் தங்க வாட்ச், சாவி கொடுக்கிற வகை, இதெல்லாம் நம்ம பக்கத்து வெயிலுக்கும் தூசிக்கும் தினசரி ஆகாது என்று முடித்திருந்தார்கள். படித்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. நான் காவேரிப்பட்டணத்தில் மாங்காய் மண்டி வைத்திருப்பவன். அப்படிப்பட்ட ஒரு வாட்சைத்தான் சில வருடங்களாகத் தினமும் கட்டிக்கொண்டிருக்கிறேன். மண்டிக்கும் அதுதான், பேங்குக்கும் அதுதான், பெங்களூரு போனாலும் அதுதான்.

முதலில் அந்த வடிவத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கட்டுரை எழுதியவர் அதை வெறும் அலங்காரம் என்று நினைத்துவிட்டார். நூறு வருடத்துக்கு முன்னால் ஆண்கள் கடிகாரத்தைச் சட்டைப் பையில் சங்கிலி போட்டு வைத்திருந்தார்கள். அதைக் கைக்குக் கொண்டுவந்தபோது, உருண்டையான பாக்கெட் கடிகாரத்துக்கே இரண்டு பக்கமும் கம்பி வளையம் பற்றவைத்து வாரைக் கோத்தார்கள், அது மணிக்கட்டில் ஒட்டாமல் துருத்திக்கொண்டு நின்றது. 1906-ல் பிரான்சின் கார்டியே கம்பெனி பீப்பாய் வடிவ வாட்சைக் கொண்டுவந்தபோது அது மணிக்கட்டுக்காகவே யோசித்த வடிவமாக இருந்தது: நடுவில் அகலம், மேலும் கீழும் ஒடுங்கி அப்படியே வாரோடு போய்ச் சேரும், முதுகுப் பக்கமும் கையின் வளைவுக்கு ஏற்ப வளைந்திருக்கும். 1912-ல் சுவிஸ் கம்பெனியான வாஷெரோன் கான்ஸ்டன்டின் செய்தது, 1992-ல் ஃபிராங்க் முல்லர் எல்லாப் பக்கமும் வளைத்துச் செய்தது, எல்லாமே அந்த வழியில் வந்தவைதான். சில கம்பெனிகள் பீப்பாய்க்குள் வட்டமான இயந்திரத்தையே வைத்துவிடுவார்கள். ஆனால் சுவிட்சர்லாந்தின் ஃப்ளூரியே ஊரில் இருக்கிற பார்மிஜியானி கம்பெனி மாதிரி சிலர், உள்ளே இருக்கிற இயந்திரத்தையும் அதே பீப்பாய் வடிவத்தில் செய்கிறார்கள். கண்ணாடி முதுகு வழியாகப் பார்த்தால் மூலை வரைக்கும் வேலை நிறைந்திருப்பது தெரியும். கையில் உட்காருவதற்காக இத்தனை பேர் இத்தனை வருடம் யோசித்த ஒரு பொருளை எடுத்து இரும்புப் பெட்டியில் வைக்கச் சொன்னால் எனக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

சரி, தூசிக்கு வருவோம். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கிரானைட் தூசி இல்லாத ரோடு கிடையாது, ஒப்புக்கொள்கிறேன். கிரானைட்டில் இருக்கிற குவார்ட்ஸ் என்கிற கனிமம், பத்து வரை போகிற கடினத்தன்மை அளவுகோலில் 7, வாட்சின் மேலே இருக்கும் சஃபையர் கண்ணாடி 9. ஆக, கண்ணாடியில் கீறல் விழாது. தங்கத்தில் விழும். 18 காரட் என்பது நூற்றுக்கு எழுபத்தைந்து பங்கு தங்கம், அது மென்மையான உலோகம், கிரானைட் மேஜையில் ஒரு தடவை உரசினாலே கோடு விழும். விழட்டுமே. நம் வீட்டுப் பெண்கள் கழுத்தில் தாலிக்கொடி வருடக் கணக்கில் உரசித் தேய்கிறது, அதனால் அதன் மதிப்பு குறைந்ததாக யாரும் சொல்வதில்லை. ஒன்றே ஒன்று மட்டும் செய்யக் கூடாது: கீறல் விழுந்த ஒவ்வொரு தடவையும் பாலிஷ் போடக் கொடுக்கக் கூடாது. பாலிஷ் என்பது உலோகத்தைத் தேய்த்து எடுப்பது, நாலு தடவை போட்டால் பீப்பாயின் விளிம்புக் கோடுகள் மழுங்கிப்போய் வடிவமே கெட்டுவிடும்.

உண்மையில் பயப்பட வேண்டியது தண்ணீருக்குத்தான், அதைக் கட்டுரையில் ஒரு வரிகூடச் சொல்லவில்லை. வட்டமான வாட்சுக்குப் பின்மூடியை மரை போட்டு இறுக்கலாம், உள்ளே வட்டமான ரப்பர் வளையம் சுற்றிலும் சமமாக அமுங்கும். பீப்பாய் வடிவத்துக்கு அப்படிச் செய்ய முடியாது, நாலு மூலையில் சின்ன ஸ்குரூ போட்டுத்தான் பிடிக்க வேண்டும், அதனால் இந்த வகை வாட்ச்களில் தண்ணீர் தாங்கும் அளவு பெரும்பாலும் 30 மீட்டர் என்றுதான் போட்டிருப்பார்கள். 30 மீட்டர் என்பதைப் பார்த்துவிட்டு அதோடு கிணற்றில் குதிக்காதீர்கள். அந்த அளவு கை கழுவும்போது தெறிக்கிற தண்ணீருக்கும் மழைத் துளிக்கும் மட்டும்தான். ஒகேனக்கல் போனால் கழற்றி வைத்துவிட்டுப் பரிசலில் ஏறுங்கள், எண்ணெய் மசாஜுக்குப் போனால் சொல்லவே வேண்டாம். அப்புறம் தோல் வார். சித்திரை வைகாசியில் வேர்வை ஊறி முதலைத் தோலாக இருந்தாலும் நாறத்தான் செய்யும், எனக்கு மாங்காய்ப் பால் வேறு பட்டுக் கறை பிடிக்கும். அதனால் வெயில் காலத்துக்கு ஒரு சாதாரண வார், மற்ற நாளுக்கு ஒரு நல்ல வார் என்று மாற்றிக்கொள்கிறேன். வார் என்பது தேய்வதற்காகவே இருக்கிற பாகம், அதை நினைத்து வாட்சையே பூட்டி வைப்பது எந்த விதத்தில் நியாயம்?

காந்தத்தையும் சொல்லிவிடுகிறேன். போன் ஸ்பீக்கர், காந்த மூடி போட்ட போன் கவர், இவற்றுக்குப் பக்கத்தில் இரவெல்லாம் வைத்தால் உள்ளே வாட்சின் வேகத்தைக் கட்டுப்படுத்துகிற மெல்லிய சுருள் கம்பியான ஹேர் ஸ்பிரிங்கில் காந்தம் ஏறி, சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, வாட்ச் நிமிடக் கணக்கில் வேகமாக ஓட ஆரம்பிக்கும். பலர் வாட்ச் கெட்டுவிட்டது என்று பயந்துபோய்ப் பெரிய செலவுக்குத் தயாராகிறார்கள். காந்தம் நீக்கும் கருவி இருக்கிற ரிப்பேர்க்காரரிடம் கொண்டுபோனால் சில விநாடி வேலை.

லாக்கரில் வைத்தால் பத்திரம் என்பதே எனக்குப் புரியவில்லை. உள்ளே இருக்கும் எண்ணெய்க்கு வாட்ச் ஓடினாலும் வயதாகும், ஓடாவிட்டாலும் வயதாகும். ரப்பர் வளையம் இருந்த இடத்திலேயே இறுகிப்போகும். காற்றில்லாத பெட்டியில் தோல் வாரில் பூஞ்சை பிடிக்கும். தினமும் கட்டுகிறவனுக்கு வாட்ச் பத்து விநாடி பிந்தினால் உடனே தெரியும், எண்ணெய் வற்றுகிறது என்று புரிந்து சர்வீசுக்குக் கொடுப்பான். லாக்கரில் வைத்தவனுக்கு எப்படித் தெரியும்? பல வருடம் கழித்துத் திடீரென்று எடுத்து, காய்ந்த எண்ணெயோடு சாவி கொடுத்து ஓடவிட்டால்தான் சக்கரங்களின் அச்சு தேயும். தினமும் காலையில் ஒரே நேரத்தில், கையிலிருந்து கழற்றி வைத்து, முட்டுகிற வரைக்கும் நிதானமாகச் சாவி கொடுங்கள், முட்டிய பிறகு அழுத்தாதீர்கள், அது போதும். இந்த வகையில் பல வாட்ச்கள் ஒரு தடவை கொடுத்த சாவிக்குச் சுமார் நாற்பது மணி நேரம் ஓடும், ஒரு நாள் காலையில் மறந்தாலும் அன்று மாலைக்குள் கொடுத்துவிட்டால் பெரும்பாலும் நிற்காது.

இது ஏதோ பணக்காரர்கள் வெளிநாட்டிலிருந்து புதிதாகக் கொண்டுவந்த பழக்கம் என்றும் நினைக்க வேண்டாம். மத்திய அரசின் எச்.எம்.டி. கம்பெனி 1961-ல் பெங்களூருவில் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து கைக்கடிகாரம் செய்ய ஆரம்பித்த பிறகு, நம்ம பக்கத்து வாத்தியார்களும் வி.ஏ.ஓ.க்களும் கண்டக்டர்களும் சாவி கொடுக்கிற வாட்சைத்தான் தினமும் கட்டினார்கள். கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு மாமனார் வீட்டில் போட்ட வாட்ச், அன்றைக்கு அந்த வீட்டு நிலைமைக்கு அது பெரிய விலைதான், அதையே கட்டிக்கொண்டு ரிடையர் ஆனவர்கள் எத்தனை பேர்! யாரும் அதைப் பீரோவில் வைத்துப் பூட்டவில்லை. அப்புறம் 1984-ல் டாடாவும் தமிழக அரசின் டிட்கோ நிறுவனமும் சேர்ந்து டைட்டனைத் தொடங்கி, அன்றைக்குத் தருமபுரி மாவட்டத்தில் இருந்த ஓசூரில் தொழிற்சாலை வந்தது, பேட்டரி வாட்ச் வந்தது, சாவி கொடுக்கிற பழக்கம் மெல்லப் போனது. கைக்கடிகாரத் தொழிலே வந்து உட்கார்ந்த மண் இது. இங்கே இருந்துகொண்டு வாட்ச் கட்டப் பயப்படலாமா?

தகடூர், அதாவது இன்றைய தருமபுரியை ஆண்ட அதியமானுக்காகத் தூது போன ஔவையாரிடம் தொண்டைமான் தன் ஆயுதச்சாலையைக் காட்டிய கதை நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே சொல்வார்கள். மயில்தோகை கட்டி நெய் பூசி அடுக்கிவைத்த வேல்களைப் பார்த்துவிட்டு, எங்கள் அரசனுடையவை நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று ஔவையார் சொன்னார். எங்கள் அரசன் ஆயுதங்களைப் பயன்படுத்துகிறவன் என்பதுதான் அதற்கு அர்த்தம். என் வாட்சின் கீறலைப் பார்த்து யாராவது உச்சுக் கொட்டினால் எனக்கு இந்தக் கதைதான் நினைவுக்கு வரும்.

விலைக் கணக்கையும் பேசிவிடுகிறேன், ஏனென்றால் அந்தக் கட்டுரையின் அடிப்படையே அதுதான். டிரஸ் வாட்ச் என்கிற, விசேஷ உடைக்குப் பொருத்தமாகச் செய்த வாட்ச்களில் பெரும்பாலானவை கடையை விட்டு வெளியே வந்ததுமே விலை இறங்கும். பெயர் பெற்ற சில ஸ்போர்ட்ஸ் வாட்ச்களைக் காட்டி எல்லா வாட்சும் தங்கக் காசு மாதிரி ஏறும் என்று சொல்வது சரியில்லை. அதோடு சுவிட்சர்லாந்து உள்ளிட்ட நான்கு நாடுகளோடு இந்தியா 2024 மார்ச்சில் கையெழுத்திட்ட ஒப்பந்தப்படி சுவிஸ் வாட்ச்களுக்கான இறக்குமதி வரி படிப்படியாகக் குறைகிறது. புதுசே விலை குறைந்து வந்தால், லாக்கரில் வைத்த பழசுக்கு யார் கூடுதலாகக் கொடுப்பார்கள்? லாபத்துக்காக வாங்குகிறவர்கள் நிலமோ தங்கமோ வாங்கட்டும். கடன் வாங்கி இந்த வாட்சை யாரும் வாங்கவும் வேண்டாம், அதையும் அழுத்திச் சொல்கிறேன். திருட்டுப் பயம் இருந்தால் பில்லையும் சீரியல் நம்பரையும் பத்திரமாக வைத்து இன்சூரன்ஸ் எடுங்கள். மற்றபடி, மண்டிக்கு வருகிற வியாபாரிகளில் பாதிப் பேர் என் கையைப் பார்த்துவிட்டு "என்னண்ணா, வாட்ச் நீட்டமா இருக்கு" என்று கேட்பதோடு சரி.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தினமும் கட்டுவதற்கு நமக்கு உண்மையான தடை வாட்ச் ரிப்பேர் பட்டறை இல்லாததுதான். எச்.எம்.டி. காலத்தில் வேலை கற்ற வாட்ச் ரிப்பேர்க்காரர்களுக்கு இன்றைக்கு வயதாகிவிட்டது. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கண்ணில் லென்ஸ் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் பலர் இப்போது செல் மாற்றுவதும் வார் மாற்றுவதும்தான் செய்கிறார்கள், சாவி வாட்சை முழுதாகப் பிரித்துக் கழுவி எண்ணெய் போட ஆள் தேடிப் பெங்களூரு ஓட வேண்டியிருக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் மூன்று ஊரிலும் இன்னும் அந்த வேலை தெரிந்தவர்கள் யார் யார், எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று உங்கள் நிருபர்கள் விசாரித்து ஒரு பக்கம் வெளியிட்டால் என்னைப் போன்றவர்களுக்கும், அப்பாவின் எச்.எம்.டி.யை ஓடவைக்க நினைக்கிறவர்களுக்கும் உதவும். ஓசூர் ஐ.டி.ஐ.யில் இதற்கு ஒரு குறுகிய காலப் பயிற்சி தொடங்க முடியுமா என்றும் அதிகாரிகளிடம் கேட்டு எழுதுங்கள். யாராவது கற்றுக்கொள்ள முன்வந்தால், பழகுவதற்கு என்னிடம் இருக்கிற ஓடாத பழைய சாவி வாட்ச்களைக் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
மாங்காய் மண்டி வியாபாரி ஒருவர்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.