பாதி வழியில் விதியை மாற்றலாமா?

ஐயா,

பிரிட்டனில் குடியுரிமைக்கு முந்தைய படியான நிரந்தர வசிப்புரிமைக்குக் காத்திருக்கும் காலத்தை 5 ஆண்டுகளிலிருந்து 10 ஆண்டுகளாக உயர்த்தும் திட்டம் குறித்த செய்தியைப் படித்தேன். யாரைக் குடிமக்களாக ஏற்பது என்பது அந்தந்த நாட்டின் உரிமை. நம் 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமே அயல்நாட்டவரிடம் சுமார் 12 ஆண்டு வசிப்பைக் கேட்கிறது. ஆகவே 10 ஆண்டு என்பதில் எனக்குப் பிணக்கு இல்லை. ஆனால், பழைய விதியை நம்பி ஏற்கெனவே அங்கு போய்ச் சேர்ந்தவர்களையும் புதிய விதிக்குள் இழுக்க முன்மொழிந்திருப்பது முறையல்ல. ஈரோட்டு மஞ்சள் ஏலத்தில் விலை முடிந்த பிறகு எடைக்கல்லை மாற்றினால் விவசாயி சும்மா இருப்பாரா?

என் மருமகன் மென்பொருள் வேலைக்காக 2022-இல் என் மகளுடன் அங்கு சென்றார். '2027 – நிரந்தரம்' என்று என் மனைவி பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி, இரண்டு கோடும் போட்டு வைத்திருக்கிறார். காத்திருப்பு நீண்டால், அந்நாட்டு அரசு மருத்துவச் சேவைக்காக வெளிநாட்டவர் கட்டும் மருத்துவக் கூடுதல் கட்டணம் மட்டுமே பெரியவர் ஒருவருக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டு. இருவருக்கும் 5 ஆண்டுக்கு 10,350 பவுண்டு. விசா கட்டணம் தனி. புதிய விதி, அது நடைமுறைக்கு வந்த பிறகு செல்வோருக்கு மட்டுமே பொருந்த வேண்டும் என மத்திய அரசு பிரிட்டனிடம் வலியுறுத்த வேண்டும். கொங்கு மண்டல எம்.பி.க்கள் இதை மக்களவையில் எழுப்பலாம்.

– ஒரு வாசகர், கோபிசெட்டிபாளையம்