சுசன்னா ரைட் அம்மையாருக்கு: தங்கள் ஓடத்துறையின் பிற்காலம்

மதிப்பிற்குரிய சுசன்னா ரைட் அம்மையாருக்கு,

வணக்கம். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், சஸ்குவெஹன்னா ஆற்றங்கரையில் தங்கள் தந்தையார் ஜான் ரைட்டும் உடன் வந்த குவேக்கர் என்னும் கிறிஸ்தவப் பிரிவின் குடும்பங்களும் அமைத்த குடியிருப்பு, 1784 டிசம்பரில் தாங்கள் காலமான பிறகு என்னவாயிற்று என்பதைத் தங்களுக்கே எழுத விரும்புகிறேன். நான்கே ஆண்டுகளில் தங்கள் தம்பி மகன் சாமுவேல் குடும்ப நிலத்தை மனைகளாகப் பிரித்து, ஊருக்குக் கொலம்பியா என்று பெயரிட்டார். புதிய குடியரசின் தலைநகரம் அங்கே அமையும் என்று நம்பினார். 1789இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் கீழவை சஸ்குவெஹன்னா கரைக்கு ஆதரவாகவே வாக்களித்தது. மறு ஆண்டு, இன்று வாஷிங்டன் நகரம் இருக்கும் பொடோமாக் ஆற்றின் கரை என்று முடிவாயிற்று.

கொலம்பியாவைப் பற்றி எழுதுவோர் பலர் கைநழுவிப்போன அந்தத் தலைநகரிலேயே நின்றுவிடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. தங்கள் தந்தையார் 1730இல் உரிமம் பெற்று நடத்திய ஓடத்துறைதான் ஊரின் உண்மையான வரலாற்றை உருவாக்கியது என்பது என் உறுதியான எண்ணம்.

தாய் இறந்தபின் குடும்பத்தைச் சுமந்து, மணம் செய்துகொள்ளாமல் வாழ்ந்து, கவிதை எழுதி, அண்டை அயலாருக்கு உயிலும் பத்திரமும் எழுதிக்கொடுத்து, பெஞ்சமின் பிராங்க்ளினுடன் கடிதத் தொடர்பு வைத்திருந்த தாங்கள், முசுக்கொட்டை இலை போட்டுப் பட்டுப்புழுவும் வளர்த்தீர்கள். 1738இல் கட்டிய தங்கள் கல்வீடு இன்றும் அருங்காட்சியகமாக நிற்கிறது. அடிமை வைத்திருக்கும் உறுப்பினர்களை விலக்குவதென்று பிலடெல்பியா குவேக்கர்களின் ஆண்டுக் கூட்டம் 1776இல் தீர்மானித்தது தங்கள் காலத்திலேயே நடந்தது. அந்தத் தீர்மானம் தங்கள் ஓடத்துறையில் எப்படிச் சோதிக்கப்பட்டது என்பதைத்தான் முக்கியமாகச் சொல்லவேண்டும்.

1814இல் கொலம்பியா பரோ என்னும் தன்னாட்சி ஊராகியது. அதே ஆண்டில் ஆற்றின்மேல் முதல் பாலமும் வந்தது. தெற்கே இருந்த மேரிலாந்தில் அடிமைமுறை நீடித்ததால், தப்பி வந்தவர்களுக்கு இந்த ஊர் விடுதலையின் வாசலாயிற்று. விடுவிக்கப்பட்ட கறுப்பினக் குடும்பங்களும் வர்ஜீனியாவிலிருந்து வந்து குடியேறின. அடிமைத் தாயின் மகனான ஸ்டீபன் ஸ்மித் 1816இல் ஐம்பது டாலர் கொடுத்துத் தம்மை மீட்டுக்கொண்டு, மர வணிகத்தில் பெருஞ்செல்வரானார். அவருடைய கூட்டாளி வில்லியம் விப்பரின் வீடு பாலத்தின் முனையிலேயே இருந்தது. இரவில் வந்து சேர்ந்தவர்களுக்கு அவர் தங்க இடம் கொடுத்து, சிலரை மேற்கே பிட்ஸ்பர்குக்கும், சிலரைத் தம் நிறுவனத்தின் ரயில் பெட்டிகளில் பிலடெல்பியாவுக்கும் அனுப்பினார்.

ஆனால் ஊர் முழுவதும் அப்படி இருந்துவிடவில்லை. பிலடெல்பியாவிலிருந்து ரயில்பாதை வந்து சேர்ந்த அதே 1834ஆம் ஆண்டு ஆகஸ்டில், வெள்ளையர் கும்பல்கள் கறுப்பினத்தவரின் வீடுகளைத் தாக்கின. ஸ்மித்தின் அலுவலகமும் தப்பவில்லை. கறுப்பினத்தவர் தம் சொத்தை விற்றுவிட்டு வெளியேறவேண்டும் என்று ஊர் வெள்ளையர்கள் கூட்டம் போட்டுத் தீர்மானமே நிறைவேற்றினார்கள். ஸ்மித் 1842இல் பிலடெல்பியாவுக்குக் குடிபெயர்ந்தார். குவேக்கர் ஊர் என்ற பெருமையைப் பேசுகிறவர்கள் இதை ஒருவரியில் கடந்துபோவது எனக்கு வேதனையாக இருக்கிறது.

முதல் பாலத்தை 1832இல் பனிக்கட்டி வெள்ளம் அடித்துச் சென்றபின், ஒரு மைலுக்கும் மேல் நீண்ட மரப்பாலம் ஒன்று கூரையுடன் எழுந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1863 ஜூன் 28 அன்று, அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தென் மாநிலங்களின் ஜெனரல் கார்டனுடைய படை எதிர்க்கரையிலுள்ள ரைட்ஸ்வில்லை நெருங்கியபோது, அங்கே காத்து நின்ற வட மாநிலங்களின் தன்னார்வலர்களில் கறுப்பினத்தவர் அணி ஒன்றும் இருந்தது. பின்வாங்கியவர்கள் முதலில் வெடிமருந்தால் பாலத்தின் ஒரு பகுதியைத் தகர்க்கப் பார்த்தார்கள். அது பலிக்காததால் பாலத்துக்கே தீ வைத்தார்கள். தீ ரைட்ஸ்வில்லுக்கும் பரவியபோது, படையெடுத்து வந்த வீரர்களே வாளிகளைக் கைமாற்றி அணைத்தார்கள். எதிரிப்படை ஆற்றைக் கடக்கவில்லை. மூன்று நாளில் அந்த உள்நாட்டுப் போரின் பெரும் சமரான கெட்டிஸ்பர்க் போர் தொடங்கியது.

பாலத்துக்குச் சொந்தக்காரரான கொலம்பியா வங்கி கேட்ட நட்ட ஈடு கிடைக்கவேயில்லை. எரிந்த பாலத்தின் கல்தூண்கள் 1930இல் கட்டிய கான்கிரீட் பாலத்தின் அருகே இன்றும் ஆற்றில் தெரிகின்றன. அந்தப் பாலத்தைக் காண வருகிறவர்களுக்குத் தங்கள் வீட்டைக் காட்டும் அதே அக்கறையோடு விப்பரின் கதையையும் சொல்லவேண்டும் என்று ஊராரிடம் தங்கள் பெயராலேயே கேட்டுக்கொள்கிறேன்.

மிகுந்த மரியாதையுடன்,
ஒரு தமிழ் வாசகர்