வெட்டி வைத்த பழைய கணக்கு திறக்க வேண்டும்: குமரி மாவட்ட வியாபாரிகள் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சங்கப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். தக்கலை, மார்த்தாண்டம், திங்கள்நகர் பக்கம் ஆறு கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். ஹார்டுவேர், ரப்பர் ஷீட், மளிகை, துணி என்று எல்லாம் கலந்தது. காலையில் ஒரு கடை, மதியத்துக்கு மேல் இன்னொரு கடை. இந்த முதலாளிகளில் பலர் உங்கள் உறுப்பினர்கள். கம்ப்யூட்டரில் இருக்கும் பழைய வருஷக் கணக்கை அவர்கள் எப்படி மூடி வைக்கிறார்கள் என்பதைச் சங்கம் கவனிக்க வேண்டும் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

2023 கடைசியில் ஒரு ஹார்டுவேர் கடைக்கு 2018-19 ஆம் வருஷத்துக்கான ஜிஎஸ்டி நோட்டீஸ் வந்தது. அந்த வருஷத்துக்கான ஆர்டரை 2024 ஏப்ரல் 30-க்குள் போட வேண்டிய கெடு இருந்ததால், அந்த மாதங்களில் பல கடைகளுக்கு இப்படி வந்தது. கடை போடும் 3பி ரிட்டர்னில் எடுத்த உள்ளீட்டு வரி (கொள்முதலில் சப்ளையரிடம் கொடுத்துவிட்டு, நாம் கட்ட வேண்டியதில் கழித்துக்கொள்ளும் வரி), சப்ளையர்கள் காட்டிய பில்களின் பட்டியலான 2ஏ-வில் இருப்பதைவிட அதிகம் என்பதுதான் கேள்வி. இதற்கு வழி இல்லாமல் இல்லை. 2022 டிசம்பரில் வந்த 183 ஆம் எண் ஜிஎஸ்டி சுற்றறிக்கை, 2017-18, 2018-19 வருஷங்களுக்கு ஒரு சலுகை தந்திருந்தது. ஒரு சப்ளையரிடம் வித்தியாசம் 5 லட்சத்துக்கு உள்ளே என்றால் அந்த சப்ளையரே சான்று தரலாம். அதற்கு மேல் என்றால் ஆடிட்டர் சான்று வேண்டும்.

சான்று கேட்க வேண்டுமானால் எந்த சப்ளையரின் எந்த பில் விட்டுப்போனது என்று முதலில் தெரிய வேண்டும். நம் கொள்முதல் பதிவேட்டை 2ஏ-வோடு வரி வரியாக ஒப்பிட்டால்தான் அது தெரியும். எங்களிடம் அந்தப் பதிவேடு இல்லை. கணக்கு மென்பொருளான டேலி ரொம்ப மெதுவாக ஓடுகிறது என்று 2021-ல் கணக்கை இரண்டாகப் பிரித்திருந்தார்கள். புது வருஷம் புது மெஷினுக்குப் போனது. பழையது ஒரு பென் டிரைவுக்குப் போனது. கம்ப்யூட்டர் பார்க்க வந்தவர் பழைய மெஷினை ஃபார்மட் செய்துவிட்டார். பென் டிரைவைப் போட்டால் கம்பெனிக்கு (டேலியில் ஒரு கடையின் கணக்குத் தொகுப்புக்கு அந்தப் பெயர்) பாஸ்வேர்டு கேட்டது. டேலி வால்ட் என்று கணக்கையே பூட்டி வைக்கும் பாஸ்வேர்டு தொலைந்தால் அதை மீட்க வழியே கிடையாது. அதைப் போட்டவர் வேலையை விட்டுப் போய் இரண்டு வருஷம் ஆகிவிட்டது.

"மக்களே, மச்சில பழைய பில்லு கெட்டு கெடக்கும், பாரு" என்றார் முதலாளி. மூன்று சாக்கு இறங்கியது. பதினோரு நாள் உட்கார்ந்து பில்களை அடுக்கினோம். மழைத் தண்ணீர் ஏறி எழுத்து கரைந்தவை ஒரு பக்கம், தெர்மல் பேப்பர் வெளுத்துப் போனவை இன்னொரு பக்கம். கிடைத்த பில்களுக்குச் சான்று வாங்கிக் கொடுத்தோம். கிடைக்காததற்கு, ஏற்கெனவே சப்ளையரிடம் கொடுத்த வரியையே முதலாளி மறுபடியும் கட்டினார். சரக்கு வந்தது, பணம் போனது, வங்கியில் பதிவும் இருந்தது. அந்த மனிதர் எந்தத் தப்பும் செய்யவில்லை. பிரிக்கிற அன்று நானும் அந்தக் கடையில்தான் இருந்தேன். அந்த பென் டிரைவைத் திறந்து பார்க்கலாமா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அது இன்னும் மனசில் கிடக்கிறது.

சட்டம் என்ன கேட்கிறது என்பதையும் உறுப்பினர்களுக்குச் சொல்லுங்கள். ஜிஎஸ்டி சட்டத்தின் 36 ஆம் பிரிவுப்படி, ஒரு வருஷத்தின் கணக்கை, அந்த வருஷத்து ஆண்டு ரிட்டர்னின் கடைசி தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். 2023 டிசம்பர் வெள்ளத்தை ஒட்டி நம் மாவட்டத்துக்கும் 2022-23 ஆண்டு ரிட்டர்னின் கெடுவை 2024 ஜனவரி 10 வரை நீட்டினார்கள், ஞாபகம் இருக்கும். அப்படியானால் அந்த வருஷக் கணக்கு 2030 ஜனவரி வரை நம் கையில் இருக்க வேண்டும். அப்பீலோ விசாரணையோ நடந்துகொண்டிருந்தால், அது முடிந்த பிறகும் ஒரு வருஷம். பிரைவேட் லிமிடெட் கம்பெனியாக நடத்துபவர்களுக்குக் கம்பெனிச் சட்டத்தில் எட்டு வருஷம்.

ஜிஎஸ்டி விதிகளில் 57 ஆம் விதியைப் பலர் படித்திருக்க மாட்டார்கள். கம்ப்யூட்டரில் கணக்கு வைப்பவர், விபத்தோ இயற்கைச் சீற்றமோ அதை அழித்தாலும் நியாயமான காலத்துக்குள் மீட்கிற மாதிரி பேக்கப் வைத்திருக்க வேண்டும் என்கிறது அது. அதிகாரி கேட்டால் ஃபைல் விவரத்தோடு பாஸ்வேர்டையும் கொடுக்க வேண்டும் என்றும் சொல்கிறது. 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் அடித்தபோது மரம் விழுந்து, கரண்ட் போய், நாம் எத்தனை நாள் இருட்டில் கிடந்தோம்! நம் ஊருக்கென்றே எழுதிய விதி போலத்தான் எனக்குப் படுகிறது.

எல்லாம் ஜிஎஸ்டி போர்ட்டலில் (அரசின் இணையதளத்தில்) இருக்கிறதே என்பவர்களும் உண்டு. ரிட்டர்ன்களை ஏழு வருஷம்தான் காட்டுவோம் என்று 2024-ல் 2017 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களை எடுத்தேவிட்டார்கள். வியாபாரிகள் முறையிட்ட பிறகு திருப்பி வைத்து, இறக்கி வைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார்கள். ஆன்லைன் மென்பொருளுக்கும் இதே கதிதான். 2023-ல் குவிக்புக்ஸ் என்ற கணக்கு மென்பொருள் இந்தியாவில் சேவையை நிறுத்தியபோது, அதில் கணக்கு வைத்திருந்தவர்கள் அவசர அவசரமாக எடுத்துக்கொண்டு வேறு இடம் தேட வேண்டியிருந்தது.

கணக்கைப் பிரிக்கவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பத்து வருஷத்தை ஒரே கம்பெனியில் வைத்து மூன்று மெஷினில் ஓட்டினால், கவுண்டரில் ஆள் நிற்கும்போது ஒரு பில் போடுவதற்குள் உயிர் போய்விடும். பிரிப்பது நல்லதுதான், ஆனால் அவசரமில்லாத ஒரு நாளில் செய்ய வேண்டும். முதலில் ஒரு பேக்கப், அப்புறம் டேலியிலேயே இருக்கும் வெரிஃபை, அதாவது டேட்டாவில் பிழை இருக்கிறதா என்ற சோதனை. சரக்கு வந்து பில் வராதவை, சரக்கு போய் பில் போடாதவை எல்லாம் தீர்ந்திருக்க வேண்டும். நம் கடைகளில் பெரிய தொல்லை ‘ஆன் அக்கவுண்ட்’தான். பார்ட்டி கொடுத்த பணத்தை எந்த பில்லுக்கு என்று சொல்லாமல் வருஷக்கணக்கில் போட்டு வைத்திருப்போம். அந்தக் குழப்பம் அப்படியே புதுக் கணக்கின் ஆரம்பப் பாக்கியாக வந்து உட்காரும். அப்புறம் பார்ட்டி வந்து ‘நான் அந்த பில்லுக்குக் கொடுத்தாச்சே’ என்றால் பழையதைத் திறக்காமல் பதில் சொல்ல முடியாது. பிரிக்கும் முன் பில்வாரியாக நேர் செய்து, பெரிய பார்ட்டிகளிடம் பாக்கி சரிதானா என்று எழுதி வாங்கிவிடுங்கள்.

பிரித்த பிறகு பழைய கம்பெனியின் இருப்பு நிலையும் புதியதன் ஆரம்பமும் பைசா சுத்தமாகப் பொருந்துகிறதா என்று இரண்டு ட்ரையல் பேலன்ஸையும் (எல்லா லெட்ஜர் பாக்கிகளின் பட்டியல்) பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். டேலி முழுக் கம்பெனியை அழிப்பதில்லை. அது அப்படியே இருக்க, கூடுதலாகப் பழைய வருஷத்துக்கு ஒன்று, புது வருஷத்துக்கு ஒன்று என்று இரண்டை உண்டாக்குகிறது. அந்த முழுக் கம்பெனிதான் சொத்து. இடம் அடைக்கிறது என்று அதை அழிக்கச் சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள். பழைய டேலி 7.2 காலத்து டேட்டா இன்றைய டேலி பிரைமில் நேராகத் திறக்காது, படிப்படியாக மாற்ற வேண்டும். அதனால் டேபுக் (அன்றாடப் பதிவு), லெட்ஜர், கொள்முதல், விற்பனை, ஸ்டாக் எல்லாவற்றையும் வருஷவாரியாகப் பிடிஎஃப்பாகவும் எக்ஸெல்லாகவும் எடுத்து வையுங்கள். மென்பொருளே இல்லாமல் போனாலும் அவை திறக்கும்.

பிரதி ஒன்று கடைக்கு வெளியே இருக்க வேண்டும். பென் டிரைவை கம்ப்யூட்டர் மேஜை டிராயரிலேயே போட்டு வைத்தால், ஐப்பசி இடி இரண்டையும் சேர்த்துக் கொண்டுபோகும். குளச்சல், முட்டம் பக்கம் உப்புக்காற்று வேறு. பாஸ்வேர்டைக் கவரில் எழுதி, கடைப் பத்திரம் இருக்கும் இடத்தில் முதலாளி வைத்திருக்கட்டும். கணக்கு எழுதுகிற எங்களிடம் மட்டும் இருந்தால் போதாது. நாங்கள் நாளைக்கு வேறு கடைக்குப் போவோம், கல்யாணமாகி வேறு ஊருக்குப் போவோம்.

இனி என் வேண்டுகோள். வருஷத்தில் ஒரு நாள், ஆண்டு ரிட்டர்ன் வேலை முடிந்த பிறகு ஜனவரியில், ஒவ்வொரு சங்கக் கட்டடத்திலும் ஒரு கம்ப்யூட்டரை வையுங்கள். உறுப்பினர்கள் பழைய வருஷ பேக்கப்பைக் கொண்டுவந்து, கடையில் இல்லாத அந்த மெஷினில் ரீஸ்டோர் செய்து பார்க்கட்டும். பாஸ்வேர்டு போடட்டும். ஏதாவது ஒரு சப்ளையரின் லெட்ஜரைத் திறந்து ஒரு பில்லைத் தேடி எடுக்கட்டும். பார்த்து முடித்ததும், ஒருவர் கணக்கு அடுத்தவர் கண்ணில் படாதபடி, அவர் முன்னாலேயே அந்த மெஷினிலிருந்து அதை அழித்துவிட வேண்டும். திறக்காத பேக்கப் அன்றைக்கே தெரிந்தால் கடையில் மூல டேட்டா இருக்கும்போதே மறுபடி எடுத்துவிடலாம். இதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை. வருமானவரிப் பழக்கமுள்ள ஒருவரும் டேலி தெரிந்த இரண்டு பேரும் போதும். தக்கலைப் பக்கம் நடத்தினால் அந்த இரண்டு பேரில் ஒருத்தியாக நான் வருகிறேன், சம்பளம் வேண்டாம்.

அடுத்த பொதுக்குழுவில் இதைப் பேசுவீர்கள் என்று எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
தக்கலை வட்டாரத்தில் கடைக் கணக்கு எழுதும் ஒருத்தி