வகுப்பு வேண்டாம், ஒரு சீட்டுக் கட்டு வாங்கு

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முட்டி வலி கொஞ்சம் தேவலை என்று படித்ததும்தான் நிம்மதி. மாடிப்படி மட்டும் ஏற விடாதே. இங்கே அம்பாசமுத்திரத்தில் எல்லோரும் சுகம். பெரியவள் பத்தாம் வகுப்பு, அதனால் வீட்டில் டிவி சத்தம் பாதியாகிவிட்டது. மாமா வழக்கம்போல் விடிந்ததும் ஆற்றுக்குக் குளிக்கப் போகிறார், தண்ணீர் நிறையப் போகிறது என்றால் கேட்பதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். முகில் வீட்டில் உன்னிடம் ஓயாமல் பேசுகிறான், பள்ளிக்கூடத்தில் வாயே திறப்பதில்லை, லீவுக்கு ஊருக்கு வந்தால் தாத்தா பாட்டி கேட்பதற்கு ஒற்றை வார்த்தையில் பதில் சொல்லிவிட்டுப் போனோடு மூலைக்குப் போய்விடுகிறான் என்று எழுதியிருக்கிறாய். சனி ஞாயிறில் 'கம்யூனிகேஷன் ஸ்கில்ஸ்' வகுப்பு நடக்கிறது, அதில் சேர்க்கலாமா என்றும் கேட்டிருக்கிறாய். எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். அந்தப் பணம் உன்னிடமே இருக்கட்டும். ஒரு சீட்டுக் கட்டு வாங்கு, ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் பாயை விரி, நீயும் அவரும் அவனோடு உட்காருங்கள். (வீட்டிலும் பேச்சு வரவில்லை, கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை என்றால் நான் இப்படிச் சொல்லவே மாட்டேன், முதலில் டாக்டரைப் பார் என்றுதான் சொல்வேன். உன் பிள்ளைக்கு அது இல்லை.)

நாம் பிள்ளைகளிடம் எப்படிப் பேசுகிறோம் என்று யோசித்துப் பார். என்ன படிக்கிறே, எத்தனையாவது ரேங்க், சாப்பிட்டியா. இதற்கெல்லாம் அவன் என்னதான் நீளமாகப் பதில் சொல்வான்? கேட்பவருக்கும் அந்தப் பதில் பெரிதாகத் தேவையில்லை என்பது பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். சீட்டு ஆடும்போது நிலைமை வேறு. எதிரே இருப்பவரிடம் அவனுக்கு நிஜமாகவே ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது. கேட்டால்தான் கிடைக்கும். அவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டால்தான் ஜெயிக்க முடியும்.

போன கோடை லீவுக்கு நாத்தனார் பிள்ளைகள் வந்திருந்தார்கள். அவள் மகன் கபிலனுக்கு ஏழு வயது, புனேயில் வளர்கிறான், தமிழ் புரியும், பேசக் கூச்சம். முதலில் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது கோ ஃபிஷ். எங்கள் வீட்டில் அதற்கு 'இருக்கா இல்லையா' என்று பெயர் வைத்துவிட்டோம். ஆளுக்கு ஐந்து சீட்டு, மீதியை நடுவில் கவிழ்த்து வைப்பது. உன் முறை வந்தால் யாராவது ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, உன் கையில் ஏற்கெனவே இருக்கிற ஓர் எண்ணைக் கேட்க வேண்டும். அவரிடம் இருந்தால் அத்தனையையும் கொடுத்தாக வேண்டும், இல்லையென்றால் நடுவிலிருந்து ஒன்று எடுத்துக்கொள்ளலாம். ஒரே எண்ணில் நாலும் சேர்ந்தால் ஒரு செட்டு. அவ்வளவுதான் ஆட்டம்.

மாமாவுக்கு இடது காது மந்தம் என்று உனக்குத் தெரியும். கபிலன் முதலில் சீட்டைப் பார்த்துக்கொண்டே வாய்க்குள்ளேயே "தாத்தா, ஏழு" என்று முனகுவான். அவருக்குக் கேட்காது. திரும்பவும் முனகுவான், அப்போதும் கேட்காது. நான் வாயைத் திறக்கவில்லை. நடுவில் புகுந்து "மாமா, ஏழு கேக்கிறான்" என்று சொல்லிவிடத்தான் நாக்கு துடித்தது, நாத்தனாரையும் கண்ணாலேயே அடக்கி வைத்தேன். கொஞ்ச நேரத்தில் அவனே எழுந்து, தாத்தாவுக்கு வலது பக்கம் போய் உட்கார்ந்து, அவர் நிமிர்ந்து தன் முகத்தைப் பார்க்கும் வரை பொறுத்திருந்து, "தாத்தா, உங்ககிட்ட ஏழு இருக்கா?" என்று கேட்டான். முழு வாக்கியம், தெளிவான குரல். அவர் இரண்டு ஏழை எடுத்து நீட்டியபோது அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ. எந்த வகுப்பில் இதைச் சொல்லிக்கொடுப்பார்கள்? கேட்பவர் யார், அவருக்கு எந்தக் காது நன்றாகக் கேட்கும், எப்போது பேசினால் காதில் விழும் என்று அவனாகவே கண்டுபிடித்தான். லீவு முடிவதற்குள் இருவரும் சேர்ந்து தேங்காய் வாங்கக் கடைக்குப் போகும் அளவுக்கு ஆகிவிட்டது.

இந்த ஆட்டத்தில் இன்னொரு சூட்சுமம் உண்டு, அது பிள்ளைகளுக்குத் தாமதமாகத்தான் பிடிபடும். நீ ராணி கேட்டாய் என்றால் உன்னிடம் ராணி இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. அதனால் தன் முறை வரும்வரை கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தவன் அடுத்தவர் பேசுவதைக் கவனிக்க ஆரம்பிக்கிறான். சின்னவள் இதைப் புரிந்துகொண்ட அன்று எங்கள் எல்லோர் கையையும் காலி செய்துவிட்டாள்.

அடுத்தது கழுதை. ஞாபகம் இருக்கிறதா, ஹாஸ்டலில் கரண்ட் போனால் மெழுகுவர்த்தியில் ஆடுவோமே? 52 சீட்டையும் பிரித்துப் போட்டு, இஸ்பேட் ஆஸ் வைத்திருப்பவர் தொடங்குவது, இஸ்பேட் இறங்கினால் எல்லோரும் இஸ்பேட் போடுவது, இல்லாதவர் வேறு வகைச் சீட்டைப் போட்டு வெட்டுவது, வெட்டு விழுந்தால் அதுவரை பெரிய சீட்டு போட்டவர் எல்லாவற்றையும் அள்ளிக்கொள்வது. கையில் சீட்டு தீர்ந்தவர் தப்பித்தார், கடைசியில் மிஞ்சுபவர் கழுதை. பிள்ளைகளுக்குத் தோல்வியைப் பழக்க இதைவிட நல்ல ஆட்டம் எனக்குத் தெரியாது, ஏனென்றால் இதில் ஜெயித்தவர் என்று ஒருவர் இல்லை, தப்பித்தவர்கள் இருக்கிறார்கள், மாட்டியவர் ஒருவர் இருக்கிறார், அது யார் என்பது கடைசி வரை தெரியாது. கபிலன் முதல் முறை மாட்டியபோது சீட்டை வீசியெறிந்துவிட்டு அழுதான். யாரும் சமாதானம் செய்யவில்லை, யாரும் திட்டவும் இல்லை. சின்னவள் சீட்டைப் பொறுக்கி அடுக்கினாள், அடுத்த ஆட்டம் போட்டோம், கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து அவனே வந்து உட்கார்ந்தான். மறுநாள் மாமா கழுதையாக மாட்டினார். விதிப்படி கழுதை மாதிரி கத்த வேண்டும். கத்தினார், தெரு முனை வரை கேட்கும்படி! எழுபத்து நாலு வயதுக்காரர் தோற்று, கத்தி, சிரித்து, "போடு அடுத்த ஆட்டத்தை" என்றதைப் பார்த்த பிறகு அந்தப் பிள்ளை சீட்டை வீசவில்லை.

இதில் உன்னிடம் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். வேண்டுமென்றே தோற்றுக் கொடுக்காதே. உன் வீட்டுக்காரர் இளகிய மனசுக்காரர், அவர்தான் இதைச் செய்வார், சொல்லி வை. பிள்ளைகளுக்கு இது தெரிந்துவிடும், தெரிந்ததும் ஆட்டத்தின் மேல் இருக்கிற மரியாதை போய்விடும். பாயில் உட்கார்ந்தால் அப்பாவுக்கும் ஏழு வயதுக்கும் ஒரே விதி, இந்தச் சமத்துவம் ஒரு பிள்ளைக்கு நாள் முழுக்க வேறெங்கும் கிடைப்பதில்லை. அவனுக்குச் சுலபமாக்க வேண்டும் என்றால் அதிர்ஷ்டம் அதிகமுள்ள ஆட்டமாகத் தேர்ந்தெடு. சின்னக் கைக்குப் பதிமூன்று சீட்டைப் பிடிக்க வராது, நீளமான டப்பாவில் அரிசியை நிரப்பிக் கொடு, வரிசையாகச் செருகி வைத்துக்கொள்வான்.

வைகாட்ஸ்கி என்ற ரஷ்ய உளவியலாளர் 1933இல் பிள்ளைகளின் விளையாட்டைப் பற்றிப் பேசும்போது, மற்ற நேரத்தில் ஆசையை அடக்கத் தெரியாத பிள்ளை விளையாட்டின் விதிக்காகத் தானே தன்னை அடக்கிக்கொள்கிறது, அதில் அதற்குச் சந்தோஷமும் இருக்கிறது என்பதை விளக்கினார். நாம் ஆயிரம் தடவை "பொறுமையா இரு" என்று சொன்னாலும் இருக்காதவன் தன் முறை வரும்வரை சீட்டோடு காத்திருக்கிறானே, அதுதான்.

பிளஃப் என்ற ஆட்டத்தைப் பற்றி உனக்குத் தயக்கம் இருக்கும். சீட்டைக் கவிழ்த்துப் போட்டு "மூணு ஒன்பது" என்று பொய் சொல்வதும், சந்தேகப்படுபவர் திறந்து பார்ப்பதும்தானே ஆட்டம், பிள்ளைக்குப் பொய் சொல்லப் பழக்குவதா என்பாய். என் மாமியாரும் அதையேதான் கேட்டார். ஆனால் அதற்குள் என்ன நடக்கிறது என்று பார். 1983இல் விம்மர், பெர்னர் என்ற இருவர் ஒரு பரிசோதனை செய்தார்கள். ஒரு பையன் சாக்லேட்டை ஓர் அலமாரியில் வைத்துவிட்டு வெளியே போகிறான், அம்மா அதை வேறு இடத்துக்கு மாற்றிவிடுகிறாள், திரும்பி வந்தவன் எங்கே தேடுவான்? மூன்று வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் மாற்றி வைத்த இடத்தைத்தான் காட்டுவார்கள். தனக்குத் தெரிந்தது அவனுக்குத் தெரியாது என்பது அவர்களுக்கு எட்டுவதில்லை. நாலு, ஐந்து வயதில்தான் அது புரியத் தொடங்குகிறது. பிளஃப் ஆடுகிற பிள்ளை இதற்கும் அப்பால் போகிறது. நான் என்ன வைத்திருக்கிறேன் என்று அத்தை நினைக்கிறாள், நான் பொய் சொல்வேன் என்று எதிர்பார்ப்பாளா, என் குரல் மாறினால் கண்டுபிடித்துவிடுவாளா என்று அடுத்தவர் தலைக்குள் நுழைந்து பார்க்கிறது. அடுத்தவர் மனசை யூகிக்கத் தெரிந்தவனுக்குத்தான் அடுத்தவர் வருத்தமும் தெரியும். பாய்க்கு வெளியே பொய் பொய்தான் என்பதில் பிள்ளைகளுக்குக் குழப்பமே வருவதில்லை, நான் பார்த்தவரைக்கும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது வேறொன்று. டிக்ஸிட் என்று 2008இல் வந்த பிரெஞ்சு ஆட்டம், 2010இல் ஜெர்மனியில் அந்த ஆண்டின் சிறந்த ஆட்டம் என்று விருது வாங்கியது. அதை உருவாக்கியவர் பிள்ளைகளுக்கான மனநல மருத்துவர் என்பது அதை ஆடும்போதே தெரியும். எண்கள் கிடையாது, படங்கள்தான். ஒருவர் தன் கையிலுள்ள ஒரு படத்துக்கு ஏதாவது ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், மற்றவர்கள் அதற்குப் பொருந்துகிற மாதிரி தங்கள் படம் ஒன்றைக் கொடுப்பார்கள், எல்லாவற்றையும் கலைத்து வைத்து, முதல் ஆளின் படம் எது என்று கண்டுபிடிக்க வேண்டும். எல்லோரும் கண்டுபிடித்துவிட்டாலும் சொன்னவருக்குப் புள்ளி கிடையாது, ஒருவருமே கண்டுபிடிக்காவிட்டாலும் கிடையாது. அப்பட்டமாகவும் சொல்லக் கூடாது, பூடகமாகவும் சொல்லக் கூடாது, கேட்பவர்களில் சிலருக்காவது போய்ச் சேர வேண்டும். பெட்டி விலை அதிகம், அதனால் நாங்கள் பழைய வாரப் பத்திரிகைகள், காலண்டர்களிலிருந்து படங்களை வெட்டி, கல்யாணப் பத்திரிகை அட்டையில் ஒட்டிக்கொண்டோம். புள்ளிக்குப் புளியங்கொட்டை.

எதிர் வீட்டுப் பெண் ஒருத்தி, பத்து வயது, அவள் குரலை நான் அதிகம் கேட்டதே இல்லை, ஆட வந்தாள். தன் முறை வந்ததும் ரொம்ப நேரம் யோசித்து, "விருந்தாளி போன பிறகு" என்றாள். கபிலன் அழுகிற குழந்தை படத்தைப் போட்டான், நான் காலி ரயில்வே பிளாட்பாரத்தைப் போட்டேன். அவள் படம் என்ன தெரியுமா? வெற்றிலைத் தட்டும் நாலு காபி டம்ளரும். என் சின்னவள் மட்டும்தான் கண்டுபிடித்தாள், இருவரும் அன்றிலிருந்து தோழிகள். பேசாத பிள்ளை என்று நாம் முத்திரை குத்துகிறோம், உள்ளே இவ்வளவு இருக்கிறது.

பெரியவளுக்கு இதெல்லாம் போதாது, அவள் மாமாவோடு கூட்டு சேர்ந்து முன்னூற்று நாலு என்ற சீட்டாட்டம் ஆடுகிறாள். ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, நாலு வகைக்கும் கூட்டினால் 304. முதல் நாலு சீட்டைப் பார்த்தே, இத்தனை புள்ளி எடுப்போம் என்று கேள்வி கேட்டு, துருப்பை, அதாவது மற்ற வகைகளை வெட்டுகிற வகையைக் காட்டும் சீட்டை, கவிழ்த்து வைக்க வேண்டும். கூட்டாளியிடம் வாய் திறந்து எதுவும் சொல்லக் கூடாது, அவர் போடுகிற சீட்டிலிருந்தே அவர் என்ன நினைக்கிறார் என்று பிடிக்க வேண்டும். பதினைந்து வயதுப் பெண்ணுக்கும் அவள் தாத்தாவுக்கும் பேச வேறு என்ன இருந்துவிடும்? இப்போது மறுநாள் மத்தியானம் வரை "அந்தக் கிளாவர் ஒன்பதை ஏன் போட்டே" என்று பேச்சு ஓடுகிறது.

சீட்டு என்றாலே சூது என்று உன் மாமியார் சொல்லலாம். வள்ளுவர் சூதுக்கு ஓர் அதிகாரமே எழுதியிருக்கிறார், நானும் அவர் பக்கம்தான். பணம் கூடாது, பத்து பைசா கூடக் கூடாது, போனில் ரம்மி ஆடும் கண்றாவி வீட்டுக்குள் வரவே கூடாது. அதனால்தான் சொல்கிறேன், புளியங்கொட்டை. உன் மாமியாரையும் பாயில் உட்கார வை, இரண்டு ஆட்டம் ஆடிவிட்டால் அவரே சீட்டுக் கட்டை எடுத்து வருவார், என் மாமியார் வந்த மாதிரி.

விதியில் சண்டை வந்தால் நீ தீர்ப்புச் சொல்லாதே. பியாஜே என்ற உளவியலாளர் சுவிட்சர்லாந்தில் கோலி ஆடும் பிள்ளைகளைக் கவனித்து 1932இல் எழுதினார்: ஆறேழு வயதில் விதி என்பது பெரியவர்கள் போட்டது, மாற்றவே முடியாது என்று நினைப்பார்கள், பத்துப் பதினோரு வயதில் எல்லோரும் ஒத்துக்கொண்டால் மாற்றலாம் என்ற இடத்துக்கு வருகிறார்கள். நடுவில் நடப்பதெல்லாம் சண்டைதான். முகில் இப்போது அந்த வயதில்தான் இருக்கிறான், சண்டை போடட்டும், பேசித் தீர்க்கட்டும், அதற்கு அவன் வாய் திறந்தாக வேண்டும்.

முதல் வாரம் 'இருக்கா இல்லையா' மட்டும் ஆடு, அரை மணி நேரத்துக்கு மேல் இழுக்காதே, அவன் இன்னொன்று என்று கெஞ்சும்போதே கட்டை எடுத்து வை. போன்கள் மூன்றும் வேறு அறையில் இருக்க வேண்டும், உன்னுடையதும்தான். அவன் உன்னிடம் மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தால் ஒரே ஆளிடம் அடுத்தடுத்து கேட்கக் கூடாது என்று விதி போடு, அப்பாவிடம் கேட்டே தீர வேண்டும்.

பெரியவளுக்குப் பரீட்சை முடிந்ததும் மே மாதம் நீங்கள் மூன்று பேரும் இங்கே வந்து பத்து நாள் தங்குங்கள். முன்னூற்று நாலுக்கு மாமாவின் பழைய கூட்டாளி ஒருவர் மகன் வீட்டுக்குச் சென்னைக்குப் போய்விட்டார், ஓர் ஆள் குறைகிறது. உன் வீட்டுக்காரருக்கு ஆடத் தெரியுமா, இல்லை வந்த பிறகு நாங்கள்தான் சொல்லிக்கொடுக்க வேண்டுமா என்று கேட்டு எழுது.

அன்புடன்,
மீனா