"அது மட்டும் இல்லம்மா"

அன்புள்ள மகனுக்கு,

புதன்கிழமை ராத்திரி நீ போனில் பேசியதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். "புது வேலை பிடிக்கலம்மா" என்றாய். நீ மூச்சு விடுவதற்குள் நான் ஆரம்பித்துவிட்டேன். மேலதிகாரியிடம் பேசிப் பார், ஆறு மாதம் பொறுத்துக்கொள், நேரத்துக்குத் தூங்கு. நடுவில் "அது மட்டும் இல்லம்மா" என்றாய். அதையும் தாண்டிப் போனேன். கடைசியில் "சரிம்மா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாய். அந்தச் 'சரி'யில் இருந்த களைப்பு அதன் பிறகுதான் எனக்கு உறைத்தது.

இத்தனைக்கும் முப்பது வருஷம் வார்டில் நர்ஸாக இருந்தவள் நான். எங்கே வலிக்கிறது என்று கேட்டால் வயிறு என்பார்கள். எழுதிக்கொண்டு நகர்ந்தால் அதோடு சரி. ட்ரிப் பாட்டிலை மாற்றிவிட்டு ஒரு நிமிடம் சும்மா நின்றால், "ராத்திரியெல்லாம் தூக்கமே இல்ல சிஸ்டர், வீட்ல யார்கிட்டயும் சொல்லல" என்று மெதுவாக வரும். முதலில் வருவது சொல்லச் சுலபமானது. சொல்ல வந்தது அதற்குப் பின்னால் நிற்கும்.

1984-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வைப் பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். 74 சந்திப்புகளில் நோயாளிகள் டாக்டரிடம் பேசியதைப் பதிவு செய்து கேட்டிருக்கிறார்கள். சராசரியாக 18 விநாடியில் டாக்டர் குறுக்கே பேசிவிடுகிறார். உன்னிடம் நான் அந்த 18 விநாடிகூடப் பொறுக்கவில்லை.

பேச்சில் ஒருவர் முடித்து அடுத்தவர் தொடங்கும் இடைவெளி, சராசரியாக ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்குதானாம். 2009-ல் 10 மொழிகளில் அளந்து சொன்ன கணக்கு இது. ஒரு சொல்லை யோசித்து வாய்க்குக் கொண்டுவரவே அதைப்போல மூன்று மடங்கு நேரம் வேண்டும். அப்படியென்றால் எதிரில் இருப்பவர் பேசும்போதே நாம் பதிலைத் தயார் செய்கிறோம். பிரியமானவர்களிடம் இது இன்னும் மோசம். நோயாளியின் வலிக்குப் பக்கத்தில் என்னால் பேசாமல் நிற்க முடிந்தது. உன் வலியை ஒரு நிமிடம்கூடத் தாங்க முடியாமல், அங்கேயே தீர்த்துவிடத் துடித்தேன். உனக்கு அப்போது வேண்டியிருந்தது தீர்வு இல்லை என்று இப்போது புரிகிறது.

உன்னிடமும் நாளைக்கு யாராவது இப்படித் தயங்கி வந்து நிற்பார்கள். போனைக் கவிழ்த்து வைத்துவிடு. அவர் நிறுத்தியதும் உடனே பேசாதே, மனதுக்குள் மூன்று எண்ணு. பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் மிச்சம் வரும். வராவிட்டால் "அப்புறம்?" என்ற ஒரு சொல் போதும். எனக்கும் இப்படித்தான் ஆச்சு என்று உன் கதையை அதன் மேல் வைக்காதே. அந்த நிமிடமே அவர் கதை நின்றுவிடும். யோசனை சொல்லட்டுமா, கேட்டுக்கொண்டால் போதுமா என்று அவரிடமே கேட்கலாம், தப்பில்லை. விசாரிப்பதற்கும் காது கொடுப்பதற்கும் நம் மொழியில் 'கேள்' என்ற ஒரே சொல்தானே.

ஞாயிற்றுக்கிழமை காலை நானே கூப்பிடுகிறேன். யோசனை எதுவும் சொல்லமாட்டேன். "அது மட்டும் இல்லம்மா" என்றாயே, அங்கிருந்து ஆரம்பி. நடுவில் நீ பேசாமல் இருந்தாலும் நான் லைனில்தான் இருப்பேன்.

அம்மா