எந்த அடுப்பு வாங்குவது என்று கேட்ட மகளுக்கு

சாயல்குடி

அன்புள்ள தாயி,

நாங்கள் நலம். நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் நலமாக இருப்பீர்கள். கச்சான் காற்று இன்னும் ஓயவில்லை. வாசலில் புழுதி, கடல் பக்கம் போனால் முகத்தில் மணல். அம்மா கருப்பட்டியும் சுக்கும் கட்டி வைத்திருக்கிறாள், ஆள் கிடைத்ததும் வந்து சேரும்.

அங்கே அமெரிக்கக் குளிரில் வீட்டைச் சூடாக்க நிலக்கரி அடுப்பு வாங்கப்போகிறோம் என்று நீ அனுப்பிய மூன்று அடுப்புப் படங்களையும் பார்த்துவிட்டேன். கையேடுகளைத் தம்பி பக்கம் பக்கமாகப் படித்துச் சொன்னான். "விலையை விடுங்கப்பா, எதுல காத்து கட்டுப்பாடு நல்லா இருக்கு, அத மட்டும் சொல்லுங்க" என்று கேட்டிருந்தாய். சரியான கேள்வி. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பின்பக்கம் தெர்மோஸ்டாட் மூடி, அதாவது சூட்டைப் பார்த்துத் தானே காற்றைக் கூட்டிக் குறைக்கிற மூடி, வைத்த இரண்டாவது அடுப்பை வாங்கு. அதோடு புகைக்குழாயில் ஒரு பாரோமெட்ரிக் டாம்பரும் போடு, புகைக்கூண்டு இழுக்கிற காற்றைத் தானே அளவாக வைக்கிற தகடு அது. இரண்டுக்கும் சேர்த்துக் கை எட்டாது என்றால், கையால் திருகிக் காற்று விடுகிற மூடி உள்ள முதல் அடுப்பை வாங்கி அதற்கு டாம்பர் போடு. டாம்பர்தான் முதலில், தெர்மோஸ்டாட் அதற்கு அடுத்து. ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகப் படி.

நம் கரிமூட்டத்தை நினைத்துப் பார். சீமைக்கருவேல விறகை அடுக்கி, ஓலையும் வைக்கோலும் போர்த்தி, ஈரமண் பூசி நெருப்பு வைத்தபிறகு விறகைத் தொடுகிற வேலையே கிடையாது. அதன்பிறகு எல்லாம் காற்றுக் காவல்தான். கச்சான் அடிக்கிற பக்கத்துத் துளையை அடைக்கணும், மறுபக்கம் திறக்கணும். வெள்ளைப் புகை மொத்தமாக வருகிறவரை உள்ளே ஈரம் போய்க்கொண்டிருக்கிறது. புகை மெலிந்து நீலம் தட்டினால் அந்தப் பக்கம் கரியாகிவிட்டது, உடனே துளையை மூடணும். மண்பூச்சில் விரல் அகலத்துக்கு ஒரு வெடிப்பு கண்ணில் படாமல் போனால் போதும், விடிவதற்குள் அந்த இடம் சாம்பலாகி உள்ளே அமுங்கிவிடும். சின்னப் பிள்ளையில் நீ "ராத்திரியெல்லாம் ஏன்ப்பா சுத்திச் சுத்தி வர்றீங்க" என்று கேட்பாயே, அந்த வெடிப்பைத் தேடித்தான். உங்கள் வீட்டு அடுப்பிலும் நெருப்பு கூடுவதும் குறைவதும் காற்றின் கையில்தான் இருக்கிறது.

ஆனால் கரி வேறு. நம் விறகுக்கரி ஊதினால் பற்றும், மூடினால் அடங்கும், பிறகு ஊதினால் மறுபடியும் எழும்பும். உங்கள் பென்சில்வேனியாவின் ஆந்த்ரசைட் நிலக்கரிக்கு அந்தக் குணம் இல்லை. கல் மாதிரி இறுகிய கரி. மேலே எவ்வளவு காற்று விட்டாலும் அசையாது. அடியிலிருந்து கம்பித்தட்டு வழியாகக் கரிப் படுக்கைக்குள் ஏறி வருகிற காற்றுதான் அதை எரிக்கும். கொல்லர்கள் துருத்தி வைத்து அதை எரித்தார்கள். வீட்டுக்கு உதவாது என்றுதான் ரொம்ப காலம் நினைத்தார்கள். 1808-ல் உங்களுக்குப் பக்கத்து வில்க்ஸ்-பாரி ஊரில் ஜெஸ்ஸி ஃபெல் என்பவர் இரும்புக் கம்பித்தட்டு ஒன்றைச் செய்து, அடியில் காற்று போக வழி விட்டு, வீட்டுக் கணப்பிலேயே அதை எரித்துக் காட்டினார். அதற்கப்புறம்தான் அந்தக் கரி வீடு வீடாகப் போனது. சூட்சுமம் முழுக்க அந்தத் தட்டுக்கு அடியில் இருக்கிறது. நீ ஒப்பிட்டுப் பார்க்கிற மூன்று கட்டுப்பாடுகளும் அந்த அடிக்காற்றை அளக்கிற மூன்று வழிகள்தான்.

அணைகிற ஆந்த்ரசைட்டை எழுப்புவது எவ்வளவு பாடு என்று அங்கே வந்திருந்த குளிர்காலத்தில் பார்த்தேன். படுக்கை கறுத்துவிட்டது என்றால் அள்ளிக் கொட்டிவிட்டு, சுள்ளி வைத்து முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். அதனால் இந்த அடுப்புக்குக் காற்று கூடினாலும் ஆபத்து, ரொம்பக் குறைந்தாலும் ஆபத்து.

முதல் அடுப்பில் இருப்பது திருகு மூடி. சாம்பல் கதவில் வட்டத் தகடு, இத்தனை சுற்று திருகினால் இவ்வளவு காற்று. கெட்டுப்போக அதில் ஒன்றுமே இல்லை, எனக்கு அது பிடிக்கும். குறை ஒன்றுதான்: வெளியே குளிர் மாறும்போது அது மாறாது. புகைக்கூண்டின் இழுவை எதனால் வருகிறது? உள்ளே சூடான காற்று லேசு, வெளியே குளிர்ந்த காற்று கனம். அந்த வித்தியாசம் கூடக்கூட இழுவை கூடும். பகலில் நீ சரியாகத் திருகி வைத்ததுதான், ராத்திரி பனி இறுகும்போது அதே துளை வழியாகக் கூடுதல் காற்றை இழுக்கும். மேலே பலமான காற்று வீசினால் இன்னும் இழுக்கும். நீங்கள் தூங்குகிற நேரத்தில் அடுப்பு சிவந்துகொண்டிருக்கும்.

இரண்டாவதில் அதற்கு ஒரு பதில் இருக்கிறது. படத்தைப் பெரிதாக்கிப் பார். பின்பக்கம் ஒரு சின்னக் கூட்டுக்குள் சுருள் தகடு தெரியும். வேறு வேறு அளவில் விரியும் இரண்டு உலோகத்தை ஒட்டிச் செய்த தகடு அது. சூடு ஏறினால் ஒரு பக்கம் அதிகமாக நீளும், மறுபக்கம் அவ்வளவு நீளாது, அதனால் சுருள் அசையும். சுருளின் நுனியில் மெல்லிய சங்கிலி, சங்கிலியின் அடியில் காற்று மூடி. அடுப்பு சூடானால் சங்கிலி இறங்கி மூடி சாயும், ஆறினால் மூடியைத் தூக்கும். நம் வீட்டு இஸ்திரிப் பெட்டிக்குள் டிக் என்று விழுவதும் இதே மாதிரித் தகடுதான். கடிகாரம் செய்த ஜான் ஹாரிசன் 18-ம் நூற்றாண்டிலேயே இப்படித் தகட்டை இணைத்திருக்கிறார். 1830-ல் ஆண்ட்ரூ யூர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சூட்டைக் கட்டுப்படுத்தவென்றே இதற்குக் காப்புரிமை வாங்கினார். இத்தனை காலம் நின்ற பொருள். கரண்டும் வேண்டாம், பேட்டரியும் வேண்டாம். இஸ்திரிப் பெட்டி போல ஒரேயடியாக நிற்கவும் செய்யாது. நூல் அளவு, அரை நூல் அளவு என்று மூடியை நகர்த்தும். ஆந்த்ரசைட்டுக்கு அந்த நிதானம்தான் ஒத்துவரும்.

இது எதைப் பார்த்து வேலை செய்கிறது என்பதை மட்டும் மனதில் வை. உன் அறையின் சூடு அதற்குத் தெரியாது. அடுப்பின் முதுகில் இருக்கிறது, அங்கே உள்ள சூடுதான் அதற்குத் தெரியும். மாடியில் பேத்தி குளிரில் சுருண்டு கிடந்தாலும் அதற்குக் கவலை இல்லை. எண் போட்ட குமிழ் இருக்கிறதே, அது டிகிரி கணக்கு இல்லை. ஓர் எண்ணில் வைத்துவிட்டு அரை நாள் பொறு. கனமான கரிப் படுக்கை, காற்று கொடுத்ததும் எழும்பாது, நிறுத்தியதும் அடங்காது. மணிக்கொரு தரம் குமிழைத் திருகினால் ஒரு பொழுது கொதிக்கும், ஒரு பொழுது குளிரும். மாப்பிள்ளைக்குக் கை சும்மா இருக்காது, அவரிடம் இதைப் பக்குவமாகச் சொல்.

கடைக்காரரிடம் கட்டாயம் கேட்க வேண்டியது இது: மூடி கீழே முழுசாக உட்கார்ந்த பிறகும் கொஞ்சம் காற்று போக வழி விட்டிருக்கிறார்களா? சிலவற்றில் மூடியிலேயே சின்னத் துளை இருக்கும். சிலவற்றில் ஒரு திருகாணி மூடியை மயிரிழை தூக்கி நிறுத்தும். இரண்டில் ஒன்று இல்லாத தெர்மோஸ்டாட், இளவெயில் அடிக்கிற நாளில் நெருப்பைக் கொன்றுவிடும். முழுசாகச் சாவதற்குமுன் விஷவாயுவையும் உண்டாக்கும். அந்த வழி இல்லை என்றால் அடுப்பு எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

மூன்றாவது, தானாகக் கரி தள்ளுகிற அடுப்பு. அரிசி என்று பெயர் வைத்த பொடிக்கரியை மோட்டார் தள்ளும், மின்விசிறி காற்று ஊதும், சுவரில் மாட்டிய தெர்மோஸ்டாட் அறையின் சூட்டையே பார்த்து உத்தரவு போடும். சூடு தேவைப்படாதபோதும் நெருப்பு சாகாமல் இருக்க, ஒரு டைமர் அவ்வப்போது கொஞ்சம் கரியும் காற்றும் கொடுக்கும். அறையின் சூட்டை ஒரே அளவில் வைப்பதில் மற்ற இரண்டும் இதன் பக்கத்தில் நிற்க முடியாது, அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் பனிப்புயலில் கம்பி அறுந்து உங்கள் தெருவில் கரண்ட் போனதை நானே அங்கே இருந்து பார்த்தவன். கரண்ட் போனால் இது வெறும் இரும்புப் பெட்டி. ஜெனரேட்டர் இல்லாத வீட்டுக்கு நான் சொல்ல மாட்டேன்.

சரி, டாம்பருக்கு வருகிறேன். அடுப்புக்கும் புகைக்கூண்டுக்கும் நடுவே குழாயில் மாட்டுகிற, எடை கட்டிய ஆடும் தகடு அது. இழுவை அளவு மீறினால் அது தானே திறந்து அறைக்காற்றைக் குழாய்க்குள் விடும். அப்போது புகைக்கூண்டு தன் பசியை அறைக்காற்றில் தீர்த்துக்கொள்ளும், கரிப் படுக்கை வழியாக அதிகம் இழுக்காது. இழுவை குறைந்தால் அது தானே மூடிக்கொள்ளும். கரியடுப்புக்கு வழக்கமாக, தண்ணீர் அளவில் அங்குலத்தில் நூறில் நாலு முதல் ஆறு பங்கு வரை இழுவை வைப்பார்கள். உன் அடுப்பின் கையேட்டில் என்ன போட்டிருக்கிறதோ அதையே வை. இழுவையை அளக்கிற மானோமீட்டர் வைத்து அளந்து பூட்டச் சொல், கண்ணால் பார்த்து "போதும்" என்கிற ஆளை அனுப்பிவிடு. கச்சான் பக்கத்துத் துளையை நான் எழுந்து போய் அடைத்ததை இந்தத் தகடு ராத்திரி முழுக்கத் தானே செய்யும். இழுவை நிலையாக நின்றால் திருகு மூடிகூட நேற்று வைத்த அளவில் இன்றும் அதே சூட்டைக் கொடுக்கும். இழுவை ஆடிக்கொண்டிருந்தால் தெர்மோஸ்டாட்டுக்கும் ஓயாத வேலை. டாம்பரை முதலில் சொன்னது அதனால்தான். அது அறையின் சூடான காற்றைக் கொஞ்சம் வெளியே கொண்டுபோகும், அந்த நஷ்டத்தைத் தாங்கிக்கொள். விறகும் எரிப்போம் என்றால் மட்டும் இது ஆகாது, குழாய் குளிர்ந்து உள்ளே தார் படியும். நீங்கள் கரி மட்டும்தானே.

வாங்கிய பிறகு பார்க்க வேண்டியவை கொஞ்சம் இருக்கின்றன. சாம்பல் கதவு இறுக்கமாக இல்லை என்றால் எந்தக் கட்டுப்பாடும் செல்லாது, அந்த இடுக்கு வழியாகவே காற்று போய்விடும். ஒரு தாளைக் கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் வைத்து மூடி இழுத்துப் பார். தாள் இறுகப் பிடித்திருக்க வேண்டும். உருவிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் கதவோரத்தை அடைக்கிற கயிற்றுப் பட்டை தேய்ந்துவிட்டது. நாலு பக்கமும் பார், கீல் பக்கத்தை விட்டுவிடாதே. தெர்மோஸ்டாட் மூடியின் அடியில் சாம்பல் தூசி படியும். ஒரு துணுக்கு மாட்டினாலும் மூடி உட்காராது, ராத்திரி முழுக்க அடுப்பு அளவு மீறி எரியும். காலையில் சாம்பல் தட்டும்போது ஒரு விரலால் மூடியைத் தூக்கி விடு, டக் என்று விழ வேண்டும். சங்கிலி எங்கும் உரசக் கூடாது. சாம்பல் தட்டை நிரம்ப விடாதே, சாம்பல் கம்பித்தட்டைத் தொட்டால் அடியில் காற்று நின்று கம்பித்தட்டு வளைந்துவிடும். உங்கள் பழைய அடுப்பின் கம்பித்தட்டு அப்படித்தான் வெடித்தது என்று நினைக்கிறேன். நெருப்பு சீக்கிரம் பிடிக்கட்டும் என்று சாம்பல் கதவைத் திறந்துவைத்துவிட்டுப் பேத்தியைக் குளிப்பாட்டப் போகாதே. கதவு திறந்திருக்கும்போது அடுப்பு முன்னால் ஆள் நிற்க வேண்டும்.

புதுக்கரி போடும்போது முழுசாக மூடாமல் ஒரு மூலையில் சிவந்த கரி தெரிகிற மாதிரி விடு. புதுக்கரியிலிருந்து எழும் வாயு அந்தச் சிவப்பில் பற்றி நீலச் சுவாலையாக ஆடும். எல்லாவற்றையும் மூடிவிட்டால் வாயு உள்ளே சேர்ந்து திடீரென்று வெடித்துக் கதவைத் தள்ளும். நீலச் சுவாலை வந்தபிறகு தெர்மோஸ்டாட்டைப் பழைய எண்ணுக்குக் கொண்டுவா.

கார்பன் மோனாக்சைடைப் பற்றி நான் சொல்லித்தான் உனக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. ஆனாலும் சொல்கிறேன். கொடைக்கானல் குளிருக்குக் கரியடுப்பை அறைக்குள் வைத்துப் படுத்தவர்கள் காலையில் எழுந்திருக்கவில்லை என்று பேப்பரில் வரும்போதெல்லாம் அம்மா உனக்கு உடனே போன் போடுவது அதற்குத்தான். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. காற்றுக் குறைந்த கரி நெருப்பில்தான் அது அதிகம் பிறக்கிறது. கட்டுப்பாடு நல்லதாக அமைந்து, அடுப்பு மெதுவாக எரியும்போதுதான் கவனம் கூட வேண்டும். குளிர் விட்டு இளஞ்சூடு வருகிற மார்ச், ஏப்ரலில் இழுவை செத்துப்போகும். அந்த நாட்களில் சின்ன நெருப்பை இழுத்துப் பிடித்து வைக்காதே, அணைத்துவிட்டுக் கம்பளியைப் போர்த்திக்கொள். புகைக்கூண்டை ஒவ்வொரு குளிருக்கு முன்பும் சுத்தம் செய்யச் சொல்.

அடுப்பு இருக்கிற தளத்தில் அந்த வாயுவைக் கண்டு கத்துகிற ஓர் அலாரம், படுக்கையறை வாசலில் ஒன்று, பேத்தியின் அறைப் பக்கம் ஒன்று. அலாரத்தின் முதுகில் அது எந்த வருஷம் வரை வேலை செய்யும் என்று போட்டிருக்கும், பழையதை நம்பி வைத்திருக்காதே. மாப்பிள்ளை இன்றைக்கே ஏணி போட்டு ஏறி மூன்றையும் பார்த்து, தேதி தெரிகிற மாதிரிப் படம் எடுத்து அனுப்பட்டும். அதைப் பார்த்த பிறகு அடுப்புக்கு அட்வான்ஸ் கொடுங்கள்.

அன்புடன்
அப்பா