மகரந்தம் எண்ணுகிறவரும் கல்வெட்டுப் படிக்கிறவரும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் 'இதற்குமா ஆராய்ச்சி?' என்ற தலைப்பில் வந்த பக்கத்தைப் படித்தேன். கல்லூரி ஒன்றில் நடந்த பல்துறைக் கருத்தரங்கின் ஆய்வுச் சுருக்கத் தொகுப்பை எடுத்து வைத்துக்கொண்டு, அதிலிருந்த தலைப்புகளை வரிசையாகப் போட்டு, பக்கத்திலேயே கேலிச் சித்திரமும் வரைந்திருந்தீர்கள். வாசகர்கள் சிரிக்க வேண்டும் என்பதற்காக எழுதியது என்பது புரிகிறது. ஆனால், "மகரந்தம் எண்ணுகிறவரும் கல்வெட்டுப் படிக்கிறவரும் ஒரே மேடையில் என்ன பேசிக்கொள்ளப் போகிறார்கள்? வரிப்பணம் போகிற வழி இதுதான்" என்று முடித்திருந்தீர்களே, அந்த வரி என் மனத்தை மிகவும் நோகடித்துவிட்டது. பணிக்காலம் முழுவதும் மகரந்தம் எண்ணியவன் நான். அவர்கள் என்ன பேசிக்கொள்வார்கள் என்பதை நேரில் பார்த்தவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

என்னிடம் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்த மாணவி ஒருவர், எங்கள் பக்கத்துக் கண்மாய் ஒன்றின் அடிமண்ணை ஆழம் ஆழமாக எடுத்து வந்து, எந்தக் காலத்தில் என்ன செடிகள் வளர்ந்தன என்று அறிய, அதில் படிந்து கிடந்த பழைய மகரந்தத்தை ஆராய்ந்தார். அந்த வேலை எப்படிப்பட்டது என்பதைத் தங்கள் எழுத்தாளர் ஒரு நாள் வந்து பார்த்திருக்கலாம். ஒன்பது பங்கு அசிட்டிக் அன்ஹைட்ரைடுடன் ஒரு பங்கு கந்தக அமிலம் கலந்து, மண்ணிலிருந்து பிரித்த எச்சத்தை அதில் சூடாக்க வேண்டும். கண்ணும் மூக்கும் எரியும். பிறகு மையவிலக்கியில் சுற்றி, கழுவி, கண்ணாடித் தகட்டில் ஏற்றி, ஒரு மாதிரிக்குக் குறைந்தது 200, 300 மகரந்தத் துகள்களையாவது நுண்ணோக்கியில் இனம் பிரித்து எண்ண வேண்டும். புல் குடும்பத்து மகரந்தங்கள் எல்லாம் ஒற்றைத் துளையோடு ஏறக்குறைய ஒரே சாயலில் இருப்பதால், நெல்லையும் காட்டுப் புல்லையும் பிரிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். இத்தனைக்கும் பிறகு அந்த மாணவி கண்டது, ஒரு குறிப்பிட்ட அடுக்குக்கு மேலே கோரையின் மகரந்தம் திடீரென்று பெருகியிருந்தது என்பதைத்தான். ஏன் பெருகியது என்பது அவருக்கும் விளங்கவில்லை, எனக்கும் விளங்கவில்லை. அடுக்குகளின் காலத்தைக் கணிக்க மாதிரிகளை ஆய்வகத்துக்கு அனுப்பலாம் என்றால் துறையில் அதற்குப் பணம் கிடையாது.

தாங்கள் கேலி செய்ததைப் போன்ற ஒரு பல்துறைக் கருத்தரங்கில்தான் அந்த மாணவி தம் கட்டுரையை வாசித்தார். அடுத்துப் பேசக் காத்திருந்த வரலாற்றுத் துறை ஆய்வாளர் ஒருவர் தேநீர் இடைவேளையில் தேடி வந்து, அதே கண்மாயில் தண்ணீரைத் திறந்துவிடும் மதகான குமிழித் தூம்பின் தூணில் தாம் படியெடுத்த சிறு கல்வெட்டைக் காட்டினார். தூம்பு புதிதாக அமைத்துக் கொடுக்கப்பட்ட செய்தி அதில் இருந்தது. மதகு சீரானதும் தண்ணீர் நீண்ட நாள் தங்கியிருக்கிறது, கரையோரம் கோரை பெருகியிருக்கிறது என்று இருவரும் ஊகித்தார்கள். அதன் பிறகு ஆளுக்குப் பாதி என்று கைப்பணத்தைப் போட்டு ஒரே ஒரு மாதிரியைக் காலக்கணிப்புக்கு அனுப்பினார்கள். முடிவு கல்வெட்டின் காலத்தோடு பொருந்தி வந்தது. இதில் வரிப்பணம் எதுவும் செலவாகவில்லை, ஐயா. இரண்டு ஏழை ஆய்வாளர்களின் பணம்தான் செலவானது.

இது ஏதோ எங்கள் ஊரில் மட்டும் நடந்த அதிசயம் அல்ல. நீலகிரி மலைச் சதுப்புகளில் மக்கிக் கிடக்கும் கரிமண்ணை ஆராய்ந்து, தென்னிந்தியப் பருவமழையின் பழைய வரலாற்றைச் சொன்ன கட்டுரை 1993-இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. அதை எழுதியவர்களில் ஆர். சுகுமார் யானைகளை ஆராய்ந்து பெயர் பெற்றவர், ஆர். ரமேஷ் ஐசோடோப்புகளை, அதாவது ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்களை, அளக்கும் இயற்பியலர். யானை ஆராய்ச்சியாளருக்கும் இயற்பியலருக்கும் என்ன பேச்சு என்று அன்று யாராவது தடுத்திருந்தால், சோலையும் புல்வெளியும் மழைக்கேற்ப விரிந்து சுருங்கிய பல்லாயிரம் ஆண்டுக் கதை நமக்குத் தெரிய வந்திருக்காது.

தங்கள் எழுத்தாளர் நகைத்த அதே வகை இணையை அமெரிக்காவின் வடமேற்குக் கரையிலும் காணலாம். அங்கே கடலோரத்தில் பட்டுப்போய் நின்ற மரங்களின் வளையங்களைத் தாவர ஆய்வாளர்கள் எண்ணி, அவை எப்போது பட்டுப்போயின என்று கணித்தார்கள். ஜப்பானில் பழைய ஊர்ப் பதிவேடுகளைப் புரட்டியவர்களோ, நில நடுக்கமே உணரப்படாமல் 1700 சனவரியில் ஒரு ஆழிப்பேரலை வந்து போனதைக் கண்டார்கள். பசிபிக்கின் இரு கரைகளிலும் கிடைத்தவற்றைப் பொருத்திப் பார்த்தபோதுதான், 1700 சனவரி 26 இரவு அமெரிக்கக் கரையில் மாபெரும் நிலநடுக்கம் ஒன்று நேர்ந்திருந்தது உறுதியானது. அப்படியொன்று அங்கே மீண்டும் வரும் என்ற எச்சரிக்கையோடு இன்று கட்டடங்களைத் திட்டமிடுகிறார்கள். 2004 திசம்பரை மறக்காத நம் கடற்கரை மக்களிடம் இந்த ஆராய்ச்சி வீண் என்று சொல்லிப் பாருங்கள்.

இவையெல்லாம் தங்களுக்குத் தெரியாதவை அல்ல. 2019-இல் கீழடி அறிக்கை வந்தபோது தங்கள் இதழ் அட்டைப்படக் கட்டுரை வெளியிட்டது. அதை நான் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். கி.மு. 580 என்ற காலத்தைச் சொன்னது அமெரிக்காவின் புளோரிடாவிலுள்ள ஆய்வகம் அளந்த கரித்துண்டு. எலும்புகளில் எது மாடு, எது ஆடு என்று பிரித்துச் சொன்னது புனேயின் தக்காணக் கல்லூரி. தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையின் முதுமக்கள் தாழியில் கிடைத்த நெல் உமிக்கு கி.மு. 1155 என்று காலம் சொன்னதும் வரலாற்றுப் பாடநூல் அல்ல, ஆய்வகம்தான். அன்று பெருமையோடு எழுதிய அதே இதழ் இன்று இப்படி எழுதியதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஆய்வு உலகத்தில் கண்டிக்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. கட்டணம் கட்டினால் கட்டுரையைப் படிக்காமலேயே அச்சிட்டுச் சான்றிதழும் தருகிற கருத்தரங்குகளும் இதழ்களும் பெருகிக் கிடக்கின்றன. அதைப் பற்றி விரிவாக எழுதும்படி நான் முன்பே தங்களுக்குக் கடிதம் போட்டேன், பதில் இல்லை. நேர்மையாக உழைக்கிற பிள்ளைகளின் உதவித்தொகை மாதக்கணக்கில் வராமல் நிற்பதைப் பற்றியும் தங்கள் இதழில் நான் எதுவும் படித்ததில்லை.

இவற்றைவிடக் கொடுமை ஒன்று உண்டு. மேலே சொன்ன மாணவியின் முதுகலைப் பட்டத்தின் பெயரில் தாவரவியல் என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பதிலாக இரண்டு துறைகள் சேர்ந்த பெயர் இருந்தது. ஆசிரியர் பணிக்கு விண்ணப்பித்தபோது அந்தப் பட்டம் தாவரவியல் பட்டத்துக்குச் சமம் என்று சொல்லும் இணைத்தன்மை அரசாணை இல்லை என்று சான்றிதழ் சரிபார்ப்பில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பல துறைகள் கூடிப் பணியாற்ற வேண்டும் என்று மேடையில் பேசுகிறார்கள்; அப்படிப் படித்து வந்த பிள்ளை வேலை கேட்டு நின்றால், நீ எந்தத் துறை என்று கேட்டு வெளியே நிறுத்துகிறார்கள். இப்படி அடிபட்டு நிற்கிறவர்களைத்தான், ஐயா, தாங்கள் பெயரோடும் கல்லூரியோடும் அச்சிட்டுச் சிரித்திருக்கிறீர்கள். முனைவர் பட்டம் பெறப்போகும் மகளின் பெயர் பத்திரிகையில் வந்திருக்கிறது என்று ஆசையாக வாங்கிப் பார்த்த பெற்றோர் அவர்களில் எத்தனை பேருக்கு இருந்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கவே சங்கடமாக இருக்கிறது.

தங்களிடம் நான் கேட்பது சிறிய உதவிதான். தாங்கள் வெளியிட்ட தலைப்புகளில் ஏதேனும் இரண்டையாவது எடுத்து, அவற்றின் ஆய்வுச் சுருக்கத்தை அடுத்த இதழில் அப்படியே அச்சிடுங்கள். தொகுப்பு தங்கள் அலுவலகத்திலேயே இருக்கிறது. ஒவ்வொன்றும் பத்துப் பன்னிரண்டு வரிகளுக்கு மேல் வராது. பக்கம் போதாதென்றால் என் கடிதத்தை நிறுத்திவிட்டு அந்த இடத்தில் அவற்றை வெளியிட வேண்டுகிறேன்.

தங்கள் அன்புள்ள,
தாவரவியல் இணைப் பேராசிரியர் (ஓய்வு),
விருதுநகர் மாவட்டம்.